சந்தைக் கூரைக்குக் கையெழுத்திட்டவர்

நோயாளியைப் பார்க்கப் போனாலும் உத்தரம் சார் முதலில் மேலேதான் பார்ப்பார். உத்தரத்தில் தொய்வு இருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா என்று கண் ஒரு நடை போய்வந்த பிறகே, "இப்ப எப்படி இருக்கு?" என்பார். கூரையைத்தான் விசாரிக்கிறாரோ என்று கட்டிலில் கிடப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். பட்டப்பெயர் அப்படி ஒட்டியதுதான்.

எண்பதைத் தாண்டியும் கணக்கில் புலி. மருமகளும் கட்டடப் பொறியாளர்; அவள் கொண்டுவரும் வரைபடங்களைப் பார்த்து, "கஞ்சத்தனம் பண்ணக் கூடாத இடத்துல கம்பியைக் குறைச்சிருக்காங்கம்மா" என்பார். ஆனால் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். கூரியர் வந்தால்கூட மனைவிதான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வரவேண்டும். "ரெண்டு பேர் கையெழுத்தையும் நானே போட்டுத் தேய்ஞ்சுட்டேன்" என்பது அந்த அம்மாளின் குறை.

காரணம் ஊரறிந்தது. இளவயதில் அவர் கையெழுத்திட்டுக் கட்டிய சந்தைக் கூரை ஒரு மழையில் விழுந்தது. இருவர் இறந்தார்கள். அதுவரை கோடு போடத் தெரிந்தவனெல்லாம் இன்ஜினியர். அதற்குப் பிறகுதான் தேர்வும் உரிமமும் முத்திரையும் வந்தன. அவர் அந்தத் தேர்வின் பக்கமே போகவில்லை. பிறருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தே காலத்தை ஓட்டினார்.

இப்போது பொறியாளர் சங்கம் தொழிலின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறது. எழுதுகிறவள் மருமகள். கோட்டை கட்டிய படைக்காரர்களிலிருந்து மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தவள், சந்தைக் கூரையில் தடுமாறி, 'ஒரு பொறியாளர்' என்று எழுதிவிட்டு நகர்ந்தாள். சங்கத் தலைவருக்கு அதுவும் உறுத்தியது. விழா நேரத்தில் இதெல்லாம் எதற்கு என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அச்சுப்படியை மாமனாரிடமே நீட்டினாள். "இந்தப் பக்கத்தை எடுத்துடலாம்னு சொல்றாங்க மாமா. நீங்க என்ன சொல்றீங்க?"

நிதானமாகப் படித்தார். "எடுத்துட்டா, பரீட்சை ஏன் வந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"அது சரி மாமா."

"இது யாரு, ஒரு பொறியாளர்? அப்ப இருந்த எல்லார் மேலயும்ல சந்தேகம் வரும்?"

அந்த இரண்டு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"பேனா எங்கம்மா?"

பேனா என்ற சொல் காதில் விழுந்ததும், பழக்கதோஷத்தில், மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, மருமகள் எடுத்த பேனாவை வாங்கக் கை நீட்டினார். உத்தரம் சார் அந்தக் கையை மெல்ல விலக்கினார். 'ஒரு பொறியாளர்' என்பதை அடித்துவிட்டு, அதன்மேல் தன் கையெழுத்தைப் போட்டார்.