பன்னிரண்டு மணிக்கு வரும் வாசனை

அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தபோதுதான் எனக்கு முதல் முறை அந்த வாசனை வந்தது. மகளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. நடையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு அவளை எட்டிப் பார்க்க வந்தேன். பெட்ரோல். சந்தேகமே இல்லை என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே சந்தேகமாகவும் இருந்தது.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்களுடையது கீழ்த்தள வாடகை வீடு. தெருக்கதவைத் திறந்தால் ஒரு வண்டியும் ஓர் ஆளும் ஒட்டி நிற்கிற அகலத்தில் நீளமாக ஒரு நடை, மேலே தகரக் கூரை. நடை முடிகிற இடத்தில் ஒரே அறை, அதற்கப்பால் அடுப்படி. தெருவில் வண்டி விட இடமில்லை. எதிர்வீட்டுக்காரர் வண்டியை வாசலிலிருந்தே யாரோ தள்ளிக்கொண்டு போனபிறகு விடத் துணிவும் இல்லை. கணவருக்குக் கடலூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் எப்போதும் இரவு ஷிஃப்ட்தான். காலை ஏழு மணிக்கு வருவார். வாங்கும்போதே நடு ஸ்டாண்ட் உடைந்திருந்ததால் வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து நடையில் நிறுத்துவார். குளித்துச் சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரை தூங்குவார். அந்த நேரத்தில் வீட்டில் விழித்திருப்பது நானும் குழந்தையும் மட்டும்தான்.

அன்று அடுப்பை அணைத்தேன். சிலிண்டரை மூடினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். வீட்டுக்கார அக்கா கைவேலையை முடித்துவிட்டு நிதானமாக இறங்கி வந்து நடையில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் வரலயே. உனக்கு மட்டும் மூக்கு தனியா வேல செய்யுதும்மா. போன வருஷம் கேஸ் வாசன வருதுன்னு அந்தக் கேஸ்காரன மூணு தடவ வரவெச்ச."

வரவழைத்தது உண்மை. மூன்று தடவையும் கசிவு இல்லை என்பதும் உண்மை. குழந்தை பிறந்ததிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். இதை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். என்னை நம்பாதவர்களின் பட்டியலில் நானும் இருந்தேன்.

நாலு மணிக்குக் கணவர் எழுந்தபோது தரை காய்ந்திருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எஞ்சினுக்கு அடியில் கையை விட்டுத் தடவினார்.

"காஞ்சி கெடக்குது. எங்கம்மா லீக்கு?"

"மத்தியானம் வந்துச்சிங்க."

"இப்ப?"

"இப்ப இல்ல."

"அப்புறம் என்னா?" என்றார். கோபமில்லை. ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்த அலுப்புதான் அதில் இருந்தது.

நான்கு நாள் கழித்து வண்டிக்கு அடியில் ஒரு தட்டு அளவு ஈரத்தைப் பார்த்தேன். போனில் படம் எடுத்து வைத்தேன். படத்தில் அது வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. "பாப்பா கொட்டியிருப்பா" என்றார் கணவர். நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால் மாலையில் பக்கத்துத் தெரு மெக்கானிக் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனார். பாய் பெட்ரோல் டியூபை மாற்றினார். ஈரம் மறுபடியும் வந்தது. இரண்டாவது முறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே பெட்ரோலைத் தடுத்து நிறுத்துகிற சின்ன ஊசியைப் புதிதாகப் போட்டார். அதன்பிறகும் வந்தது. மூன்றாவது முறை நானே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"எங்கிட்ட நிக்கும்போது ஒரு சொட்டு உடமாட்டேங்குதும்மா. உங்க வீட்லதான் அடம் புடிக்குது" என்று சிரித்தார் பாய்.

"இவ அந்த எடத்துலதான் வெளையாடுவா பாய்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "தெரியும்மா. ரெண்டு தடவயும் கீழ இருக்கறத எல்லாம் பிரிச்சிப் பாத்துட்டேன். ஒழுகச்சொல்ல ஒரு போன் போடுங்க, ஓடியாறேன். காஞ்சப்புறம் வந்து நான் என்னத்த பாக்கறது?"

அடுத்து ஒழுகிய நாள் வெள்ளிக்கிழமை. அவர் தொழுகை முடித்து வருவதற்குள் தரை உலர்ந்துவிட்டது. வெறும் சிமென்ட் தரையை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த இரண்டு மாதம் எப்படிப் போனது என்று இப்போது யோசித்தால் இடுப்பு வலிதான் முதலில் ஞாபகம் வருகிறது. பத்து மணிக்குள் சமையலை முடித்து அடுப்பை அணைத்துவிடுவேன். அதற்குப்பின் ஒரு டம்ளர் பால்கூடச் சுடவைக்க மாட்டேன். சாமி மாடம் நடையில் இருப்பதால் விளக்கேற்றுவதையும் விட்டேன். கொசுவத்திச் சுருளைத் தூக்கி எறிந்தேன். வாசனை வருகிற நாட்களில் குழந்தையோடு மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருப்பேன். நிழல் நகர நாங்களும் நகர்வோம். கீழே அவர் தூங்குகிறாரே, ஏதாவது ஆகிவிட்டால் என்று பாதியில் இறங்குவேன். குழந்தையை மேலே தனியாக விட முடியாது. அவளையும் தூக்கிக்கொண்டு இறங்கி, பார்த்துவிட்டு ஏறுவேன். இதையெல்லாம் இல்லாத ஒன்றுக்காகச் செய்கிறேனோ என்று ஒவ்வொரு படியிலும் தோன்றும்.

காலண்டரில் வாசனை வந்த நாட்களில் 'பெ' என்று எழுதி வைத்தேன். மூன்று நாள் ஒன்றும் இருக்காது, பிறகு ஒரு நாள், மறுபடி நான்கு நாள் சும்மா. வந்தால் பன்னிரண்டு மணியை ஒட்டித்தான் வரும். நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள். அந்தப் பக்கத்தைப் பார்த்த உடனேயே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

ஒரு நாள் காலை, கம்பெனியில் மரத்தடியில் நின்றுவிட்டு வந்த வண்டியின் டேங்க்கின்மேல் காக்கை எச்சம் காய்ந்திருந்தது. குழந்தை கை வைத்துவிடுவாளே என்று ஒரு குவளைத் தண்ணீரை டேங்க் மூடிமேல் ஊற்றினேன். மூடியைச் சுற்றியிருந்த பள்ளத்தில் தண்ணீர் ஒரு கணம் நின்று, சுழன்று, உள்ளே எங்கோ போய்விட்டது. பிறகு கீழே சொட்டுகிற சத்தம். குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்குப் பின்னால் தொங்கிய ஒரு மெல்லிய கறுப்புக் குழாயிலிருந்து, நான் எப்போதும் துடைக்கிற அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. இன்னொரு குவளை ஊற்றினேன். மறுபடியும் அதே இடம்.

மழைத்தண்ணீர் மூடியில் தேங்காமல் வடிவதற்காக டேங்க் வழியாகவே ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் மூடி வழியாகப் பெட்ரோல் கசிந்தாலும் அந்தக் குழாயில்தான் இறங்கும். மேலே பார்த்தால் காய்ந்திருக்கும், கீழே ஒழுகும். நாங்கள் எல்லோரும் கீழேயே தேடிக்கொண்டிருந்தோம். ஆனால் பெட்ரோல் மூடி வரைக்கும் எப்படி ஏறுகிறது?

மாலையில் அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "பெட்ரோல் எப்பிடிப் போடுவீங்க?"

"எப்பிடின்னா? வாரத்துக்கு ரெண்டு தடவ, வரும்போது நம்ம முனை பங்க்ல. ஃபுல்லா."

"ஃபுல்லான்னா?"

"பம்பு தானா நின்னுடும்ல, அதுக்கப்புறம் வண்டிய ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுவேன். வாய் வரைக்கும் நிக்கும். நம்ம பக்கம் எல்லாரும் அப்பிடித்தான் போடுவாங்க."

நம்ம பக்கம் என்று அவர் சொன்னது கடலூரை ஒட்டிய அவருடைய ஊரை. அங்கே உள்ளதைவிடப் புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு. கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, எதற்கு இந்தப் பக்கம் வந்தாலும் திரும்பும்போது எல்லைக்கு முன்னால் தவளக்குப்பம் பங்க்கில் நிறுத்தி, வண்டியை ஆட்டி ஆட்டி வாய்வரை நிரப்பிக்கொண்டு எல்லை தாண்டுவது அவர்கள் வழக்கம். அவர் சின்ன வயதிலிருந்து பார்த்தது, செய்தது.

"இப்ப நாம இருக்கறதே பாண்டிலதானங்க. தெருமுனைல பங்க். யாருக்கு எடுத்துட்டுப் போறீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பழகிப் போச்சி" என்றார். பிறகு, "ஃபுல்லா ஊத்துனா ஒழுகும்னா அவ்ளோ பெரிய டேங்க் எதுக்கு?"

"நாளைக்கு அதேமாதிரி ரொப்பிட்டு வாங்க. பன்னண்டு மணி வரைக்கும் தூங்காம உக்காருங்க. பாத்துடலாம்."

ராத்திரி முழுக்க விழித்துவிட்டு வருகிறவரிடம் இதைக் கேட்கிறோமே என்று சொன்ன பிறகு உறுத்தியது. ஒழுகாவிட்டால் என்ன செய்வது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் குழந்தையை வீட்டுக்கார அக்காவிடம் விட்டேன். அடுப்பு மூட்டவில்லை. தெருக்கதவைத் திறந்து வைத்துவிட்டு நடையில் வண்டிக்கு எதிரே இருவரும் உட்கார்ந்தோம். அவர் சுவரில் சாய்ந்து தூங்கி விழுந்துகொண்டிருந்தார்.

"ஒழுகலன்னா என்னா பண்ணுவ?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"டாக்டருகிட்ட போறேன். எனக்குக் காட்ட."

பதினொன்றரைக்கு வெயில் தகரத்தின்மேல் முழுசாக விழுந்தது. சாய்ந்து நின்ற டேங்க் நன்றாகச் சூடேறியிருந்தது. காலையில் சில்லென்று ஊற்றிய பெட்ரோல் விரிய ஆரம்பித்திருக்கும். மூடியின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தது. பிறகு கீழே, கறுப்புக் குழாயின் நுனியில், ஒரு சொட்டு. அவர் தோளைத் தட்டினேன். இரண்டாவது சொட்டை அவரே பார்த்தார். நான் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அவர் நகரவில்லை. விரலில் ஏந்தி, மூக்குக்கு மிக அருகில் வைத்து, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"எனக்கு எந்த வாசனையும் வரலம்மா."

"இப்பவா?"

"ஒரு வருஷம் இருக்கும். அந்தக் காச்சல் வந்துச்சில்ல, அதுலேருந்து. காச்சலாலயா, கம்பெனி மருந்து நெடியாலயா, தெரியல."

"ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவ. இருக்கற பயம் போதாதான்னு வுட்டுட்டேன்."

எனக்குக் கத்தத் தெம்பில்லை. அவர் வண்டியைத் தெருவுக்குத் தள்ளினார். நான் பாய்க்குப் போன் செய்தேன்.

பாய் இந்த முறை கையில் பாதி குடித்த டீயோடு ஓடி வந்தார். மூடியைத் திறந்து உள்பக்க ரப்பரை நகத்தால் சுரண்டினார். அது விறைத்து, வெடிப்பு விட்டிருந்தது.

"நான் ரெண்டு மாசமா கீழ படுத்துத் தேடினுகீறேன், இது மேல குந்தினு இருக்குது" என்றார். பிறகு கணவரிடம், "ஏன் சார், டேங்க்கா தண்ணித் தொட்டியா? பம்பு நின்னா நீங்களும் நிறுத்துங்க. பெட்ரோல் மூச்சு வுடக் கொஞ்சம் எடம் வேணாமா?"

புது ரப்பர் போட அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதன்பிறகு கணவர் வாய்வரை நிரப்புவதில்லை, தரையும் நனையவில்லை.

அன்று பாய் போன பிறகு கணவர் படுத்துக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த வீட்டில் ஆபத்தை முகர்ந்து பார்க்க இரண்டு பேர் இருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வராத வாசனை எனக்கு மட்டும் ஏன் வருகிறது என்றுதான் என்னையே சந்தேகப்பட்டேன்.

"கேஸ் தெறந்திருந்தா தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"சாப்பாடு தீஞ்சா?"

"தெரியாது. பாப்பா தலைல எண்ண வெச்சிட்டு மடில வந்து படுக்கறா இல்ல, அந்த வாசனகூட இல்ல."

"நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். காலைலயே போயி சீட்டு வாங்கணும். கம்பெனியிலேருந்து நேரா வந்துடுங்க."

"ஷிஃப்ட் முடிச்சிட்டு அந்த வரிசைல என்னால நிக்க முடியாதும்மா."

"நான் நிக்கறேன். நீங்க பெஞ்சில பாப்பாவ வெச்சிக்கினு தூங்குங்க. நம்ம நம்பர் வந்தா எழுப்பறேன்."