கீரிமலைக் கடலில் கரைத்த மண்

ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு என் கோபம் பழக்கம். அன்றைக்கு மட்டும் பயந்துபோனார்கள். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "உது நடக்கவே ஏலாது!" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுப்பது என் வேலை. அவற்றில் சில, மற்றக் கிருமிகளை அண்டவிடாமல் மருந்து சுரக்கும். நாம் விழுங்கும் அன்டிபயோட்டிக்குகளில் பல இப்படி மண்ணிலிருந்து வந்தவைதான். கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளைப் பொட்டு. எது எந்த இனம் என்று சொல்ல, அதன் மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் காணி, நான் பிறக்குமுன்னரே இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அரியாலையில் வாடகை வீட்டில் வளர்ந்தேன். அப்பா அந்த வீட்டிலேயே செத்தார். காணியை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்டதில்லை. அவருடைய சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தோம். அதற்குப் பிறகுதான் காணியை விட்டார்கள்.

நானும் அம்மாவும் பார்க்கப் போன அன்று, அங்கே வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. அம்மா புதர்ப் பற்றைக்குள் குந்தியிருந்து செம்மண்ணை அள்ளி மணந்து பார்த்தார்.

"எங்கடை மண்தான் பிள்ளை."

ஒரு பிடியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நேரே கீரிமலைக்குப் போனார். இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைக் கரைத்தார். "கொப்பர் பாத்திட்டார்" என்று அப்பாவை நினைத்துச் சொல்லி வாய்விட்டு அழுதார். அதற்குப் பிறகு இரவில் ஒழுங்காக நித்திரை கொண்டார்.

நானும் கொஞ்சம் மண் எடுத்து வந்தேன். இவ்வளவு காலம் உரமும் நஞ்சும் படாத மண்ணில் புதிதாக ஏதாவது இருக்கும் என்ற பேராசை. ஒன்று அகப்பட்டது. ஆய்வுகூடத் தட்டில் அதைச் சுற்றி வேறெந்தக் கிருமியும் முளைக்கவில்லை. புதிய இனமென்றே முடிவுகட்டி, எங்கள் ஊரின் பெயரை வைப்பதுவரை போய்விட்டேன். மரபணுவை வாசிக்க அனுப்பி, வந்த பதிலைப் பார்த்துத்தான் அன்று கத்தினேன்.

காணிக்குச் சில மைல் தெற்கே ஒரு புகையிலைத் தோட்டத்தில் நான் முன்பு எடுத்த பாக்டீரியாவும் இதுவும், அங்கொன்று இங்கொன்று தவிர, எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரே இனம் பல இடங்களில் இருக்கும், அதில் அதிசயமில்லை. ஆனால் இவ்வளவு நெருக்கம் வேறெந்த இரண்டு ஊர்களுக்கிடையிலும் நான் கண்டதில்லை. தட்டுகளை மாறி வைத்துவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டு, திரும்ப மண் எடுத்துத் திரும்ப அனுப்பினேன். அதே பதில்.

பிறகு மண்வெட்டியோடு காணிக்குப் போய் வெட்டினேன். முழங்கால் ஆழத்தில் செம்மண் சட்டென்று முடிந்துவிட்டது. கீழே வெறும் சுண்ணாம்புக்கல், அதில் இயந்திரப் பல் கீறிய தடம்.

பக்கத்துக் காணிக்காரர் எட்டிப் பார்த்தார். "இஞ்சை எல்லாக் காணியும் உப்பிடித்தான் தங்கச்சி. இருந்த மண்ணை வழிச்சு அள்ளிக்கொண்டுபோய், பிறகு வேறை இடத்து மண்ணைக் கொண்டந்து நிரவிக் கிடக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. அம்மாவுக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்த ஒரு பிடி மண். அதையும் நானா பறிப்பது? ஆனால் மரவள்ளி நட அவர் அடுத்த கிழமை காணிக்குப் போகவிருந்தார். நான் சொல்லாவிட்டால் பக்கத்துக் காணிக்காரர் சொல்லுவார். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"ஆரின்ரை மண் பிள்ளை அது?"

"தெரியாதம்மா. தெற்காலை ஆரின்ரையோ தோட்டத்து மண்."

"நான் மணந்து பாத்தனான்."

"செம்மண் எல்லாம் அப்பிடித்தானம்மா மணக்கும். அது இந்தக் கிருமியளின்ரை மணம்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா கையிலிருந்த பாதித் தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரான்ரை மண்ணையோ கொப்பருக்குக் குடுத்தனான்?" என்றார். தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, "எங்கடை மண்ணும் எங்கையோ ஒரு இடத்திலை கிடக்குந்தானே. உன்ரை மிசினாலை அதைக் கண்டுபிடி" என்றார்.

"ஏலாதம்மா. ஒப்பிட்டுப் பாக்க எங்கடை மண்ணிலை ஒரு சிட்டிகையாவது வேணும்."

"அது எங்களிட்டை இல்லையே" என்றார் அம்மா.