முனியாண்டி கல்லருகே ஒரு டச்சு ஓவன்

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், எழுபதுகளின் நடுவில், மானேஜர் பங்களாவுக்குச் சமையல்காரனாகப் போனேன். ஒரு மாதம் சோதனை. பிடித்தால் குசினி, பிடிக்காவிட்டால் பழையபடி புல்வெட்டு. அட்டைக்கடியில் கிடந்து வந்தவனுக்குக் குசினிச் சூடு சொர்க்கம். விட மனமில்லை.

மாதக் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து கம்பெனி துரை வந்தார். தலை நரைத்த வெள்ளைக்காரர். அவரை மலை உச்சிக்குக் கூட்டிப்போய்த் திறந்தவெளியில் பசியாற வைப்பது என்று மானேஜர் முடிவு செய்தார். ஆஸ்திரேலியாவில் படித்த காலத்தில் வாங்கிய ஒரு சட்டியையும் வெளியே எடுத்தார். டச்சு ஓவன் என்றார். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் இரும்பு. மூன்று கால், விளிம்பு வைத்த தட்டை மூடி. அடியிலும் தணல், மூடி மேலும் தணல்.

உச்சியில் சமமான இடம் ஒன்றே ஒன்று, முனியாண்டி கல்லுக்கு எதிரே. அது சாமி இடமாச்சே என்று இழுத்தேன்.

"சாமி கல்லுல இருக்காரு. நாம தரையில சமைக்கிறோம். அங்கேயே போட்டுருங்க" என்றார் மானேஜர். நான் விறகு கட்டப் போனேன்.

மறுநாள் காலை ஒரே பனிமூட்டம். கோழித் துண்டுகளை வதக்கி, உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி அடுக்கி, மேலே முட்டைகளை உடைத்து ஊற்றி, மூடித் தணலை அள்ளி வைத்தேன். வேகும்வரை துரைக்குத் தேயிலையைக் காட்ட மானேஜர் அவரைக் கீழே அழைத்துப் போயிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பனி விலக, புகையைக் கண்டு கொழுந்தெடுக்கும் பெண்கள் மேலே ஏறி வந்தார்கள். முனியாண்டிக்கு முன்னால் நெருப்பு எரிந்தால் தோட்டத்தில் அதற்குப் பெயர் படையல். கறுத்த சட்டி, கோழி வாசனை வேறு. பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் கைகூப்பி வரிசையாக நின்றுவிட்டார்கள்.

அவர்களை வேலை வாங்கும் மண்டோர் பாக்கியம் என்னை முறைத்தார். "என்ன தம்பி, படையல் போடுறீங்க, லைன்ல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா லா?"

நான் வாய் திறப்பதற்குள், கல்லுக்குப் பின்னால் பால் டின்னில் இருந்த சாம்பிராணியை எடுத்து மூடித் தணலில் கொட்டிவிட்டார். குப்பென்று புகை. உண்மையைச் சொன்னால் சாமி முன்னால் துரைக்குக் கோழி வதக்கியவன் என்று நாங்கள் குடியிருக்கும் லைனில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் துரையின் சாப்பாடு படையலாகிவிடும், எனக்குப் புல்வெட்டு. யோசித்துப் பார்த்துவிட்டு நானும் கைகூப்பிக் கொண்டேன்.

துரையும் மானேஜரும் திரும்பி வந்தார்கள். மானேஜர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. துரை புகையை மோந்து பார்த்தார். கல்லைப் பார்த்தார், பெண்களின் வெறுங்கால்களைப் பார்த்தார். இளவயதில் தோட்டங்களில் சின்ன துரையாக இருந்தவராம், லைன் தமிழ் பேசுவார். தொப்பியை எடுத்தார். குனிந்து சப்பாத்தையும் கழற்றினார். வேறு வழியில்லாமல் மானேஜரும் கழற்றினார்.

"சாமிக்கு மொதல்ல வச்சாச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"இப்பத்தான் வைக்கப் போறேன் தொரை" என்றேன், கூசாமல்.

முனியாண்டிக்கு ஒரு பங்கு வைத்தேன். பிறகு பெண்கள் சாப்பாட்டு டின் மூடிகளை நீட்டினார்கள். கோழியும் முட்டையும் அதோடு சரி. துரைமார் தட்டுக்கு வந்தது அடிப்பிடித்த உருளைக்கிழங்குதான். கம்பெனி துரை கரண்டியை என்னிடமிருந்து வாங்கி, சட்டியைத் தானே சுரண்டித் தின்றார். எங்கள் மானேஜர் நனைந்த காலுறையோடு ஒரு வெங்காயத்தை மென்றுகொண்டிருந்தார்.

லேண்ட்ரோவரில் மலையிறங்கினோம். நான் மனதுக்குள் புல்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பங்களா வாசலில் மானேஜர் என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தடவ நாப்பது பேருக்குக் காணுற மாதிரி செய்யுங்க. துரைக்குக் கோழியே கெடைக்கல."

வேலை நிரந்தரம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த 'அடுத்த தடவ' ஒன்றே போதுமானதாக இருந்தது. பங்களா வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: வெளியில் அடுப்பு மூட்டச் சொன்னால், எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று மானேஜரைக் கேட்காதீர்கள். புகை எதுவரை தெரியும் என்று பார்த்துவிட்டு உருளைக்கிழங்கைச் சீவுங்கள்.