குதிரைக் கொட்டகையில் குஞ்சுத் தீவனம்

ஒயரிங் வேலை செய்கிற மற்றவர்கள் கையில் நாலு காசு சேர்ந்ததும் பைக் வாங்கினார்கள். என் வீட்டுக்காரர் குதிரை வாங்கினார். பால் நிறத்தில் ஒரு பெண் குதிரை. முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அழைத்துப்போவார். மற்ற நாட்களில் அதனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். குதிரையை மட்டும் 'கண்ணு' என்பார். எனக்கு அதில் எரிச்சல் உண்டு, மறைக்க மாட்டேன்.

கோழிகள் என்னுடையவை. பன்னிரண்டு நாட்டுக்கோழிகளும் அந்தக் கோடையில் பொரித்த பதினாறு குஞ்சுகளும். வீட்டில் உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறவளுக்கு மிஷினை விட்டு எழுந்திருக்க ஒரு சாக்கு வேண்டாமா? அதற்குத்தான் கோழி.

செஞ்சியில் வெயில் மேலே இருந்து மட்டும் வருவதில்லை. சுற்றிலும் பாறை. பகலெல்லாம் மலை வாங்கி வைத்துக்கொள்கிற சூட்டைப் பொழுது சாய்ந்ததும் நம் வீட்டுச் சுவருக்கே அனுப்பிவிடும். கத்திரி தொடங்கிய முதல் வாரத்திலேயே தகரம் போட்ட என் கோழிக்கூண்டு அடுப்பாகிவிட்டது. ஈரக் கோணியைச் சுற்றித் தொங்கவிட்டேன். அரை மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்தது. சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டேன், நீர்மோர் வைத்தேன். அப்படியும் ஒரே மத்தியானத்தில் இரண்டு கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துப்போட்டுச் செத்துக் கிடந்தன. அன்று முதல் மணிக்கொரு தரம் போய் எண்ணுவேன். பத்து இருந்தால்தான் மூச்சு வரும்.

குதிரைக் கொட்டகைக்குத் தென்னங்கீற்றுக் கூரை. உள்ளே போனால் குளிர்ச்சியாக இருக்கும். கோழிகளையும் குஞ்சுகளையும் அங்கே கொண்டுபோய் விட்டேன். குஞ்சுத் தீவன மூட்டையையும் கூடவே மூலையில் வைத்தேன். அவர் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"குதிர கிட்ட கோழித் தீனி வெக்காத. அது வாய வெச்சிக்கினு சும்மா இருக்காது."

"கயிறு அவ்ளோ தூரம் எட்டாது. நீங்க சும்மா இருங்க."

"ரெண்டாவது தபா சொல்றேன்."

"நானும் ரெண்டாவது தபா சொல்றேன், எட்டாது."

வாயாடி என்று எனக்குப் பேர். ஒரு பேச்சு பேசினால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது. அந்தத் தீவனத்தின் மேல் எனக்குப் பெருமை வேறு. கடைக்காரர் மூட்டையைத் தட்டிக் காட்டி, "மருந்து கலந்ததும்மா, ரத்தக்கழிச்சல் கிட்டவே வராது" என்று சொல்லிக் கொடுத்தது. குஞ்சுகளும் அதைத் தின்று துளி நோய் இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்தன.

அன்று முகூர்த்த நாள். சிங்கவரத்தில் ஊர்வலம். சாயங்காலம் ஆறு மணிக்குக் குதிரை அங்கே நிற்க வேண்டும். பதினோரு மணிக்குப் போன கரண்ட் இரண்டு மணியாகியும் வரவில்லை. கொட்டகைக்குப் போனேன். மேற்கே இறங்கிய வெயில் உள்ளே புகுந்து குதிரையின் விலா மேல் விழுந்திருந்தது. ஈ மொய்த்தது. நிழல் இரண்டு அடி தள்ளித்தான் இருந்தது, கயிறு விடவில்லை. கழுத்தை மட்டும் நிழலுக்கு நீட்டிக்கொண்டு, உடம்பை வெயிலில் வைத்துக்கொண்டு நின்றது. பாவமாகப் போய்விட்டது. முளையில் சுற்றியிருந்த கயிற்றில் மூன்று சுற்றை அவிழ்த்துவிட்டேன். மூட்டை என் புத்தியிலேயே இல்லை, சத்தியமாக இல்லை. நிழலைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை.

உள்ளே வந்ததும் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. ஐந்து நிமிஷம் என்று தரையில் சாய்ந்தேன். எழுந்தபோது மணி நாலு.

கொட்டகையில் மூட்டை கிழிந்து கிடந்தது. இரண்டு படித் தீவனமாவது குறைந்திருக்கும். மூட்டையைச் சுற்றிக் கோழிகள் உட்கார்ந்திருந்தன. குதிரை நிழலில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? கயிற்றைப் பழையபடி மூன்று சுற்றுச் சுற்றி வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். மூட்டையை எடுத்து மறைப்பதற்குள் அவர் வேலை முடிந்து வந்துவிட்டார்.

"இன்னாது இது?"

"கோழிங்க கிழிச்சிட்டுதுங்க."

கோழிகளைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். நம்பிவிட்டார். குதிரைக்கு நெற்றிச்சுட்டி கட்டி, ஜரிகைத் துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல் கேட்டில் குதிரை நின்றது. இழுத்தால் வரவில்லை. திரும்பிக் கொட்டகையைப் பார்த்தது.

"இன்னா கண்ணு?" என்று அதன் தாடையைத் தடவினார். பிறகு என்னிடம், "மத்தியானம் தண்ணி குடிச்சிச்சா? ஒரு மாதிரி இருக்குதே" என்றார்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. வெயிலு, சோம்பல் படுது. போங்க, லேட்டாவுது."

நானே சொன்னேன், போங்க என்று.

அவர் தெருமுனை திரும்பியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 'மருந்து கலந்தது' என்று கடைக்காரர் சொன்னது காதிலேயே நின்றது. கோழிதான் தின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னதை நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழியும் இருந்தது. கோழி தின்ற தீனி உடனே வயிற்றுக்குப் போகாது. கழுத்துக்குக் கீழே தீனிப்பையில் கொஞ்ச நேரம் தங்கும். கையில் பிடித்துத் தடவினால் உருண்டையாகத் தெரியும். பத்துக் கோழியையும் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டால் தீர்ந்தது.

முதல் கோழியைப் பிடித்தேன். தீனிப்பை வெறுமையாக, தோலோடு தோல் ஒட்டிக் கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒரு சிட்டிகை. அடுத்தது, அதற்கடுத்தது என்று கொட்டகை முழுக்க விரட்டி விரட்டிப் பிடித்தேன். கத்திரி வெயிலில் கோழி மத்தியானத்தில் தீனி தொடாது, தண்ணீர் மட்டும்தான் குடிக்கும். அது எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் பார்க்கிறேனே! தெரிந்தே பொய்யைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். எட்டாவது கோழி என் கையில் இருந்தபடியே கழுத்தைத் தொங்கவிட்டது. அந்த வெயிலில் விரட்டியதில் அதன் உயிர் போய்விட்டது. அதன் தீனிப்பையும் வெறுமைதான்.

கோழியைக் கீழே போட்டுவிட்டு, கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். குதிரைக்குத் தடுப்பூசி போட வருகிறவர். மூட்டையில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பின ஒரு நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார்.

"குதிர எங்கம்மா இருக்குது?"

"சிங்கவரத்துக்கு நடந்து போயிக்கினு இருக்குதுங்க."

"ஐயையோ, நிறுத்துங்க! ஒரு அடி நடக்கக் கூடாது. அந்த மருந்து குதிரைக்கு வெஷம்மா. ஹார்ட்டப் புடிச்சிரும்."

"கோழிக்கு ஒண்ணும் ஆவலியே டாக்டரம்மா…"

"கோழி தாங்கும், குதிர தாங்காது. போன வெச்சிட்டு அவருக்குப் பேசுங்க. நான் கெளம்பி வர்றேன்."

அவருக்குப் போட்டேன். ரிங் சத்தம் என் தையல் மிஷின் மேலிருந்தே கேட்டது. மத்தியானமெல்லாம் கரண்ட் இல்லாததால் சார்ஜ் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார், மகராசன்.

நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு என் பழைய ஸ்கூட்டியை எடுத்தேன். சிங்கவரம் சாலை எனக்குத் தெரிந்த சாலைதான், நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. அன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது. ஒவ்வொரு வளைவிலும் வெள்ளையாக ஏதாவது கண்ணில் பட்டால் வேகத்தைக் குறைத்தேன். ஓர் இடத்தில் காய்கிற வேட்டியைப் பார்த்துக் குதிரை விழுந்துகிடக்கிறது என்று பிரேக் அடித்தேன். "பெருமாளே, நிக்க வை, நின்னுக்கினு இருந்தா போதும்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன்.

நின்றுகொண்டுதான் இருந்தது. பாதி வழியில், அறுவடை முடிந்த கடலைக்கொல்லை ஓரத்தில், ஒரு புளியமரத்தடியில். பின்னங்கால்கள் இரண்டும் வெடவெடவென்று ஆடின. வயிற்றிலிருந்து வியர்வை சொட்டி மண் நனைந்திருந்தது. அவர் குடிக்கக் கொண்டுபோன பாட்டில் தண்ணீரை அதன் கழுத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நல்லவேள வந்த. கண்ணு பின்னங்கால் போட மாட்டேங்குது. இன்னான்னு தெரியல."

"நான்தாங்க. கயித்த நான்தான் அவுத்துவுட்டேன், நிழலுக்கு. தீவனத்தத் தின்னது இதுதான், கோழி இல்ல. எழுந்து பாத்துட்டு, கயித்தப் பழையபடி நானே சுத்தி வெச்சேன். டாக்டரம்மா வந்துக்கினு இருக்காங்க. அது வெஷமாம், நடக்கக் கூடாதாம்."

ஒரே மூச்சில் சொன்னேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் கத்துகிற ஆள். தெருவே கேட்கிற மாதிரி கத்துவார், அரை மணியில் மறந்துபோவார். அன்றைக்குக் கத்தவில்லை. பாட்டிலை மூடினார்.

"அப்பவே சொல்லியிருந்தா திட்டியிருப்பேன்" என்றார். "அவ்ளோதானே?"

தோளில் இருந்த ஜரிகைத் துணியை எடுத்துக் குதிரையின் வியர்வையைத் துடைக்க ஆரம்பித்தார். நான் ஊர்வலக்காரர்களுக்கு என் போனில் விஷயத்தைச் சொன்னேன். மாப்பிள்ளை காரில் போனதாகப் பிறகு தெரிந்தது.

டாக்டரம்மா வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கரித்தூள் கரைத்த தண்ணீரை இறக்கினார். இரண்டு ஊசி போட்டார். குதிரையின் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். "விட்டு விட்டு அடிக்குது. மூணு நாள் தாண்டணும்" என்றார். வீட்டுக்குக் கூட நடத்தக் கூடாது என்றார். கொல்லைக்காரம்மா எங்களைப் பார்த்துவிட்டு, பத்தடி தள்ளியிருந்த மோட்டார் கொட்டாயின் சார்ப்புக் கூரைக்குக் கீழே கட்டிக்கொள்ளச் சொன்னார். அந்தப் பத்தடியைக் கடக்கக் கால் மணி நேரம் ஆனது.

மூன்று நாளும் அவர் அங்கேயே கிடந்தார். நான் சோறு கொண்டுபோவேன், மோட்டார்த் தண்ணீரில் கோணியை நனைத்துக் குதிரை மேல் போடுவேன், காய்ந்தால் மறுபடியும் நனைப்பேன். டாக்டரம்மா காட்டிக்கொடுத்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் என் உயிரும் சேர்ந்து நிற்கும். அடுத்த தட்டு வரும். மறுபடியும் நிறுத்தம். கடலைக்கொடியை வாய்க்கு அருகில் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவர் என்னிடம் கோபமாக ஏதாவது பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "சாப்டியா?" என்று மட்டும் கேட்பார்.

நாலாம் நாள் காலையில் நான் போனபோது என் கையிலிருந்த தூக்குவாளியை மோந்து பார்த்தது. மூடியைத் திறந்தேன். நீராகாரத்தைச் சத்தமாக உறிஞ்சிக் குடித்தது. அவர் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வெட்கமில்லாமல் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

டாக்டரம்மா மறுபடியும் கேட்டுப் பார்த்தார். பிழைத்துக்கொண்டது, ஆனால் இதயத்தில் விழுந்த அடி போகாது என்றார். "இனிமே முதுகுல யாரும் ஏறக் கூடாது. ஓட வெக்கக் கூடாது. நிழல்ல வெச்சிப் பாத்துக்கோங்க."

மூன்று வாரம் கழித்து, விடியற்காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், நின்று நின்று வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தோம். கேட்டைத் தாண்டியதும் அது நேராகக் கொட்டகையின் அந்த மூலைக்குப் போய், மூட்டை இருந்த இடத்தை மோந்து பார்த்து, தரையை நக்கியது. அட கேடுகெட்ட குதிரையே! நான் அதற்கு முந்தின வாரமே தீவனத்தைத் தூக்கிப்போட்டு, அந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகியிருந்தேன். கோழிகளை வேப்பமரத்தடியில் வேறு கீற்றுக் கூண்டுக்கு மாற்றியிருந்தேன்.

அவர் குதிரையை முளைக்கு அருகில் கொண்டுவந்தார். குனிந்து கட்டப்போனவர் நிமிர்ந்து, கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"இந்தா, நீ கட்டு."

எனக்குக் கை வரவில்லை. "எத்தினி சுத்து?" என்று கேட்டேன்.

"மத்தியானம் வெயிலு எங்க வருதுன்னு உனக்குத்தான தெரியும். பாத்துக் கட்டு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.