கடைசி வீட்டுப் பதில்

பக்கத்து வீட்டில் யாராவது எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினால் இன்றும் என் கை சும்மா இருப்பதில்லை. பதிலுக்குத் தட்டிவிடுவேன். அவர்கள் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், உனக்கென்ன வந்தது என்று வீட்டில் கேலி செய்வார்கள். இவர்களுக்கு என்ன தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கல்லூரி முடித்த எனக்கு, கல்யாணத்துக்கு முன் ஒரு வருடம் சேவைக் குழுவில் வேலை செய்ய வீட்டில் அனுமதி கிடைத்தது. அதுவும் சாப்பிடாமல் படுத்துக் கிடந்து வாங்கியது. தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையம் போவேன். பஸ் ஸ்டாண்டில் அவள் நிற்பாள். உள்ளூர்க்காரி, வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீட்டுப் பெண், என் வயதுதான். மேற்கு மலையில் அய்யனார் கோவில் பக்கமிருந்து இறங்கிய வெள்ளம் அந்தக் கார்த்திகையில் ஆற்றோரத் தெருவுக்குள் புகுந்திருந்தது. நாங்கள் இருவரும் அங்கே கஞ்சி ஊற்றினோம், சேலை துணிமணி கொடுத்தோம், வீடு வீடாகச் சேறு அள்ளினோம். அந்தச் சேற்றில் உட்கார்ந்து அவள் சொன்ன கதைகளுக்குச் சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு நான் எங்கும் சிரித்ததில்லை.

அடுத்த மழைக்குள் தெருவைத் தயார் செய்யச் சொன்னார்கள் குழுவில். வெள்ளம் வந்தால் மில் சங்கை ஊத வேண்டும், எல்லோரும் தெருவின் மேட்டுக் கோடியில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும். இதுதான் திட்டம். மில்லில் அனுமதி வாங்கி ஒத்திகை பார்த்தோம். சங்கு ஊதியதும் பாதித் தெரு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, ஆற்றைத் தாண்டி ஷிப்டுக்குப் போய்விட்டது. சங்கு கேட்டால் கால் தானாக மில்லைப் பார்த்து நடக்கும் ஊர் அது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு எரிச்சலில் அழுகையே வந்தது.

சங்கு வேண்டாம், சாப்பாட்டுத் தட்டு போதும் என்று வழி சொன்னது அவள்தான். தெரு முழுக்க ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். மலை கறுக்கும் நாட்களில் ஆற்றோர முதல் வீட்டு வாசலில் அவள் நிற்பாள். மேட்டில் கடைசி வீட்டில் நான். தண்ணீர் ஏறினால் அவள் தட்டை அடிப்பாள். கேட்ட வீடு அடிக்கும், அதைக் கேட்டு அடுத்த வீடு அடிக்கும். சத்தம் என்னிடம் வந்ததும் நான் இரண்டு அடி பதில் அடிப்பேன். அது அதே போல வீடு வீடாகத் திரும்பி அவளிடம் போகும். பதில் வந்த பிறகுதான் அவள் இடத்தை விட்டு நகரலாம். ஒரு வீடுகூட விட்டுப்போகக் கூடாது என்று அவளே வைத்துக்கொண்ட விதி. ஒத்திகையில் எல்லாம் பிரமாதமாக நடந்தது.

அடுத்த ஐப்பசியில் ஒரு பிற்பகல். ஊரில் தூறல்கூட இல்லை, மேற்கே மலை மட்டும் இருண்டு கிடந்தது. கீழேயிருந்து தட்டுச் சத்தம் ஏறி வந்தது. நான் பதில் அடித்தேன். ஜனங்கள் பிள்ளைகளையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தார்கள். எல்லோரும் வந்து சேர்ந்தார்கள், அவளைத் தவிர.

ஏன் வரவில்லை என்று முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. ஒத்திகையில் ஜனங்கள் வீட்டிலேயே நின்று பதிலைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்றைக்கு வீடெல்லாம் காலி. என் பதிலை அவளிடம் கொண்டுபோக ஒருவரும் இல்லை.

தட்டை அடித்துக்கொண்டே இறக்கத்தில் ஓடினேன். முதல் வீட்டு வாசலில், முழங்கால் தண்ணீரில், தட்டும் கையுமாக அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, பதில் தட்ட இம்புட்டு நேரமா?" என்றாள், நான் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டு வந்தது போல.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடேறினேன். பள்ளிக்கூட வாசலில் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அவளையே கட்டிக்கொண்டு அழுதேன்.

வருடம் முடிந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து தை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம். பம்பாயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. ராஜபாளையம் ஸ்டேஷனில் மதுரை வண்டி நின்றது. மாப்பிள்ளை பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். புது மோதிரத்தால் ஜன்னல் கம்பியில் மெல்லத் தட்டினாள்.

பதில் வந்தால் போகலாம் என்பதுதானே விதி. போகாதே என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனாலும் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றேன். கார்டு பச்சைக்கொடியை விரித்தார். அவள் மறுபடியும் தட்டினாள். கண் நிறைந்திருந்தது.

"தட்டுட்டி. நீ தட்டாம நான் எப்படிப் போக?"

வண்டி நகர்ந்தது. கூடவே நடந்து, அந்தக் கம்பியில் இரண்டு முறை தட்டினேன்.