அம்மா சாப்பிட்டுப் பார்த்ததில்லை

எங்கள் அம்மா தங்கப்பொண்ணு, வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் முப்பத்தோரு வருஷம் சமைத்தாள். நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் இருந்த காலத்தில் சேர்ந்தவள். வேன் அனுப்பிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிற பள்ளிக்கூடங்கள் வந்த பிறகு அது நாற்பதுக்கு இறங்கியது. தினமும் இத்தனை பேர் சாப்பிடுவதை நின்று பார்த்தவள் சாப்பிட்டு, வீட்டில் நாங்கள் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. பெருமையாகச் சொல்லவில்லை. எழுதும்போது என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அவளைப் பெற்றவர்கள் கூலிக்காரர்கள். சின்ன வயதில் அவளும் நடவுக்குப் போயிருக்கிறாள். மத்தியானம் வயலுக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கஞ்சியை வரப்பில் வைத்து ஊற்றுவார்களாம். வாங்கிக்கொண்டு தள்ளிப்போய், மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துதான் குடிக்க வேண்டுமாம். சத்துணவில் சேர்ந்த முதல் வருஷமும் சில வீட்டுப் பிள்ளைகள் இவள் சமைத்ததைத் தொடாமல் டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார்கள். பிறகு சாம்பார் வாசனைக்கு அவர்களாகவே தட்டை நீட்டினார்கள். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு வாய்கூட மற்றவர் முன்னால் சாப்பிட்டதில்லை. சாமான் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு சாப்பிடுவாள் என்று கூட வேலை பார்த்த முத்துமீனா அக்கா சொல்லி ரொம்பப் பின்னால்தான் எனக்குத் தெரியும்.

வீட்டிலும் அதே கதைதான். முதலில் அப்பா, பிறகு நானும் தம்பியும். எல்லோருக்கும் போட்டு முடித்து, "நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்பாள். நாங்களும் டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடுவோம். அப்பா சுருளியைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மாவை ஒரு நாள் கைநீட்டி அடித்ததில்லை. "நீயும் போட்டுக்க தங்கம்" என்று தினமும் சொல்வார். சொல்லிவிட்டுக் கை கழுவி எழுந்து போவார்.

போன ஏப்ரல் கடைசியில் அம்மாவுக்குப் பணி ஓய்வு. பள்ளிக்கூடத்தில் சால்வை போர்த்தினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அன்றைக்கும் அவள்தான் சமைத்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. நான் மதுரையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஆபீசில் யாருக்கோ பதவி உயர்வு வந்தபோது எல்லோரையும் ஒரு பெரிய ரெஸ்டாரண்டுக்கு அழைத்துப் போனார்கள். ஜப்பான், தாய்லாந்து சமையலையும் இத்தாலி, பிரான்ஸ் சமையலையும் கலந்துகட்டி ஏதேதோ செய்கிற இடம். ஓட்டல் ஒன்றின் மேல்தளத்தில் இருக்கிறது. அங்கே அம்மாவை உட்காரவைக்க வேண்டும், ஒரே ஒரு வேளையாவது யாராவது அவளுக்குப் பரிமாறி அவள் சாப்பிட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

மே முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். சமயநல்லூரில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கும் தம்பி பாண்டிராஜ் நகத்தில் கிரீஸ் கறையோடு வந்தான். அப்பா வேட்டியைத் தேய்த்துக் கட்டியிருந்தார். அம்மா பட்டுச்சேலையில் இருந்தாள். ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருந்தாள். மெலிந்துவிட்டாள் என்று தெரியும். சுகர் இருக்குமோ என்று பொங்கலுக்குப் பிறகு நானே டெஸ்ட் எடுக்க வைத்தேன். இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிட்டேன்.

பரிமாற வந்த பெண் சட்டையில் அஸ்வினி என்று பெயர் குத்தியிருந்தாள். "இங்க எல்லாமே ஷேரிங் பிளேட்ங்க. ஒவ்வொண்ணா நடுவுல வைப்போம். நாலு பேரும் எடுத்துப் பகிர்ந்து சாப்பிடலாம்" என்றாள். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். முதலில் லெமன்கிராஸ் என்ற வாசனைப் புல் போட்ட காளான் சூப் வந்தது. பிறகு வெள்ளையாக, மெத்தென்று ஆவியில் வெந்த பன், உள்ளே கோழிக்கறி.

"இட்லிக்குள்ள கறிய வச்சுப்புட்டான்" என்றார் அப்பா. ரிசோட்டோ என்று குழைந்த சோறு ஒன்று வந்ததும் கிளறிப் பார்த்துவிட்டு, "பொங்கல்தான். மிளகு போட மறந்துட்டான்" என்றார். பாண்டிராஜ் சிரித்துச் சிரித்துப் புரையேறி, போனில் படம் எடுத்தான்.

தட்டை நடுவில் வைத்ததும் அம்மாவின் கை தானாகக் கரண்டிக்குப் போய்விட்டது. அப்பாவுக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு, எனக்கு ஒன்று. தன் தட்டில் ஒன்றுமில்லை. அடுத்த தட்டு வந்தாலும் அப்படித்தான். காலியானதை அஸ்வினி உடனே எடுத்துக்கொண்டு போனாள். எல்லோரும் முடித்த பிறகு அடுப்படியில் தனியாக உட்கார அங்கே வழியில்லை.

"அம்மா, கரண்டியக் கீழ வையி. இன்னைக்கு நீ சாப்பிடத்தான் வந்திருக்க" என்றேன்.

"சாப்பிடுறேன்த்தா. நீங்க சாப்பிடுங்க. எனக்கு அந்த சூப்பு நல்லாருக்கு."

இரண்டு கிண்ணம் சூப் குடித்திருந்தாள். கடைசியாக வந்த மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்த உருளைக்கிழங்கு மசியலை விரல் நுனியால் எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். எனக்குக் கோபம் ஏறியது. இம்மாதிரி இடத்தில்கூட இவள் மாறமாட்டாளா என்று இருந்தது. என் தட்டில் மிச்சமிருந்த பன்னை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

"இதைச் சாப்பிடு. எங்க கண்ணு முன்னால சாப்பிடு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு பன்னைப் பிய்த்தாள், சுண்டைக்காய் அளவு. வாயில் போட்டு மென்றாள். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மென்றாள், மென்றாள், தண்ணீர் குடித்தாள். கழுத்தை ஒரு மாதிரி முன்னால் நீட்டினாள். கண்ணில் நீர் கோத்தது. "கை கழுவிட்டு வாரேன்" என்று எழுந்து போனாள்.

அவள் திரும்பி வந்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். "உனக்கெல்லாம் நல்ல சாப்பாடு எங்க பிடிக்கும்? நாங்க ஆசையாக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான் மூஞ்சியில அடிக்கிற" என்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா, "விடு சரண்யா" என்றார். அம்மா எனக்காக, என்னைச் சமாதானம் செய்வதற்காக, மீனில் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். "நல்லாருக்குத்தா" என்றாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடியும் எழுந்தாள். இந்தத் தடவை நானும் பின்னாலேயே போனேன்.

கழுவும் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். வாந்தி இல்லை. உள்ளே போன மீன் போன மாதிரியே, நுரையோடு திரும்பி வந்தது. சத்தமே வரவில்லை. காகிதத்தை எடுத்து வாயைத் துடைத்தாள், தொட்டியைத் துடைத்தாள். ரொம்ப நாள் பழகிய கை என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"எம்புட்டு நாளா இப்படி?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "ஆடி, ஆவணியிலருந்து இருக்கும்."

ஒன்பது மாதம். அதற்குள் தீபாவளி போனது, பொங்கல் போனது, நான் மாதம் இரண்டு முறை ஊருக்குப் போய் அவள் கையால் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு வந்தேன்.

"அப்ப என்னத்தம்மா சாப்பிட்ட?"

"சோத்தையும் கொழம்பையும் மிக்சியில அடிச்சுக் குடிச்சுக்கிருவேன். இப்பக் கொஞ்ச நாளாத்தான் அதுவும் நிக்கிது."

நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் மிக்சி ஓடும். நாளைக்கு மாவு அரைக்கிறாள் என்று நினைத்தேன். சீரியல் கேட்கவில்லை என்று டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தவளும் நான்தான்.

"ஏம்மா சொல்லல?"

"ஆஸ்பத்திரிக்குப் போனாப் படுக்க வச்சுருவாங்க. சர்வீசு முடியட்டும்னு இருந்தேன். எட்டு மாசந்தானே, ஓட்டிரலாம்னு நெனச்சேன். நீ அழாத. வெளிய அப்பா தனியா உக்காந்திருக்காரு."

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயில் கட்டி. ஈரலுக்கும் போயிருந்தது. பிரியம்வதா என்ற டாக்டர் எங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "அவங்க எதைக் கேட்டாலும் இப்பத்தான், இப்பத்தான்னு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. கடைசியா எப்ப சோறு நல்லா சாப்பிட்டாங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"தெனமும் சாப்பிட்டுச்சும்மா" என்றார் அப்பா.

"நீங்க பாத்தீங்களா?"

டாக்டர் திட்டவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார். இன்னும் ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன் என்று மட்டும் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "முப்பத்தஞ்சு வருசம் சரண்யா. வீட்டுல அவ சாப்பிடுற தட்டு எதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார். எனக்கும் தெரியாது.

வயிற்றில் துளை போட்டு டியூப் வைத்துவிட்டார்கள். கஞ்சி, பால், பழச்சாறு எல்லாம் அதன் வழியாகத்தான். அப்பாதான் ஊற்றினார். வேறு யாரையும் விடவில்லை. நான் லீவு போட்டு வீட்டோடு இருந்தேன். ஒவ்வொரு வேளையும் சேலையை ஒதுக்கி டியூபை எடுத்ததும், "அங்கிட்டுப் பாருங்க" என்பாள் அம்மா. அப்பா முதல் இரண்டு நாள் தலையைத் திருப்பிக்கொண்டே ஊற்றிச் சிந்தினார். அப்புறம், "நான் பாக்காம எப்படித் தங்கம் ஊத்துறது?" என்றார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்படித்தான் ஐந்தாறு மாதம் ஓடியது. கார்த்திகை பிறந்து நாலாம் நாள், அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரத்தில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் படையல். செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போட வேண்டும். அப்பாவின் தங்கை மலையம்மாள் அத்தை அடுப்படியில் நின்றுகொண்டு, "மதினிக்கு என்ன பிடிக்கும்? சொல்லுங்க, செஞ்சுருவோம்" என்றாள்.

யாருக்கும் தெரியவில்லை. அவள் விரும்பி எடுத்தாள் என்று எனக்குத் தெரிந்தது அந்த சூப்பும் உருளைக்கிழங்கு மசியலும்தான். அதுகூட விரும்பி அல்ல, அவை மட்டும் தொண்டையில் இறங்கியதால். கடைசியில் அப்பாவுக்குப் பிடித்த ஈரல் வறுவல், தம்பிக்குப் பிடித்த முட்டைக்குழம்பு, எனக்குப் பிடித்த பால் பணியாரம் என்று எங்களுக்குப் பிடித்ததையே வைத்தோம். படையல் நிறைவாக இருப்பதாக ஊரார் சொன்னார்கள்.

சூடம் காட்டி முடித்ததும் அத்தை, "எல்லாரும் வெளிய வாங்க. கதவச் சாத்துவோம். ஆளு இருந்தா அது வந்து சாப்பிடாது" என்றாள். அதுதான் வழக்கம். உறவுக்காரர்கள் வாசலுக்குப் போனார்கள். அப்பா மட்டும் இலைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிச்சு வாண்ணே. நீ இருந்தா மதினி சாப்பிடாது."

"இம்புட்டு வருசமும் எந்திரிச்சுத்தானே போனேன்" என்றார் அப்பா.

அத்தை கதவில் கையை வைத்தபடி நின்றாள். நான் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தம்பியும் உள்ளே வந்தான். மூன்று பேரும் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். சோற்றில் கிளம்பிய ஆவி அடங்கிப்போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.