பெயர் எழுதிய முட்டைகள்

கொண்டச்சியில் அஸீபாவைக் கெட்டிக்காரி என்று சொல்லாதவர் இல்லை. அதெல்லாம் இரண்டாயிரத்து இருபத்திரண்டு பங்குனி வரைக்கும்தான்.

புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு ஊர் திரும்பி, பத்துக் கோழியோடு தொடங்கியவள் அவள். கோழி அடைகிடந்தால் குஞ்சு வரும், முட்டை நின்றுவிடும். கோழி முட்டையைப் போடட்டும், குஞ்சு பொரிப்பதை மெசின் பார்த்துக்கொள்ளும் என்பது அவள் கட்சி. மெசினுக்குக் கரண்ட் வேண்டுமே? அந்தத் தைரியத்தைக் கொடுத்தவன் புருஷன் றஊப்.

றஊப் கடல்தொழிலாளி. கடலுக்கடியில் காஸ் தேடி வந்த கப்பலுக்குக் காவல் வள்ளம் ஓட்டினான். மற்ற வள்ளங்களைக் கப்பலுக்குக் கிட்ட விடாமல் விரட்டுவதுதான் வேலை. ஊராரைச் சமாதானப்படுத்தக் கப்பல்காரர் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். காற்று விழுந்தால் கரண்ட் எடுக்கும் மன்னார்க் காற்றாடிகள் நின்றுவிடும், நிலக்கரி மின்நிலையம் நின்றால் மறுபடி எழும்ப நாட்கணக்காகும், காஸ் நிலையம்தான் கூப்பிட்டவுடன் எழும்பிக் குறையை நிரப்பும் என்று ஓர் அதிகாரி விளக்கினார். காஸ் உங்கள் கடலிலேயே கிடக்கிறது என்றும் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த நிலையம் எங்கே வரும், எப்போது வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவராகச் சொல்வாரா என்ன?

இனிக் கரண்ட் நிற்காது என்று றஊப் வீட்டில் வந்து சொல்ல, அஸீபா மெசின் வாங்கினாள். ஊர்ப் பெண்கள் தங்கள் முட்டைகளில் பென்சிலால் பெயர் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடைகிடக்கும் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் அடை கலைந்து மறுபடி முட்டை போடும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னதும் அவள்தான். பக்கத்து வீட்டு ஸீனத் மட்டும் கேட்கவில்லை. “கோழிக்கு யாரும் கரண்ட் வெட்டேலாது,” என்று சிரித்தாள்.

பங்குனிக் கடைசியில் நாட்டில் எண்ணெயும் இல்லை, டீசலும் இல்லை. அன்று காலையில் போன கரண்ட் மத்தியானமாகியும் வரவில்லை. முட்டைகளுக்கு அது இருபதாவது நாள். ஒன்றைக் காதில் வைத்தாள். உள்ளே குஞ்சு கொத்தும் சத்தம் கேட்டது. விறகு மூட்டி, சுடுதண்ணீர்ப் போத்தல்களைப் பெட்டிக்குள் அடுக்கினாள். அவை ஆறிக்கொண்டே இருந்தன. பிறகு ஒரு அடைக்கோழியாவது கிடைக்குமா என்று வீடு வீடாக ஓடினாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். அவள் சொன்னபடியே முக்கியிருந்தார்கள்.

கடைசியாக ஸீனத்தின் படலையைத் திறந்தாள்.

“ராத்தா, உங்கட அடைக்கோழியத் தாங்க.”

ஸீனத் வெறும் அடைக்கூட்டைக் காட்டினாள். “போன கிழமைதான் முக்கினன், புள்ள. எல்லாரும் உன்னை நம்பக்குள்ள நான் மட்டும் ஏன் நம்பாம இருக்கோணும் எண்டு.”

கரண்ட் மாலையில் வந்தது. மெசின் உறுமியது. அஸீபா ஒவ்வொரு முட்டையாகக் காதில் வைத்துப் பார்த்தாள். ஒன்றிலும் சத்தமில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, தன் மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் முட்டைகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு, பெயர் பார்த்து வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தாள். வீசிவிட வேண்டியதுதானே என்று றஊப் கேட்டான்.

“அமானிதமா, நம்பித் தந்தது. உயிரோட குடுக்க ஏலாட்டியும் குடுக்கத்தானே வேணும்,” என்றாள்.

அடுத்த மாதம் றஊப் கைப்பேசியும் கையுமாக வந்தான். “கப்பல் திரும்ப வருதாம், புள்ள. கூட்டத்துக்கு ஊராக்களக் கூட்டி வரட்டாம்.”

அஸீபா மெசினின் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“கூட்டிட்டுப் போங்க. காஸ் நிலையம் எத்தின நிமிசத்தில எழும்பும் எண்டும் மறக்காமக் கேளுங்க. எங்கட குஞ்சுகள் கரண்ட் வரும் எண்டு ஒரு பகல் முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தது.”